விஷயத்தை முதல் வரியிலேயே சொல்

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று நான் வேலை பார்க்கும் ஒன்றாம் வகுப்பில் ஒரு பையனுக்குப் பல் விழுந்தது. அதைத் தேடி நாங்கள் எல்லாரும் தரையில் தவழ்ந்தோம். கடைசியில் பார்த்தால் பல் அவன் சட்டைப்பையிலேயே இருக்கிறது. நல்ல நாளாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மதியம் கணினியைத் திறந்தேன். எழுத்துத் தேர்வு: தேர்ச்சி இல்லை. இது இரண்டாவது முறை.

பட்டத்துக்கான பாடங்கள் எல்லாம் முடித்தாயிற்று. வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, வருஷக்கணக்கில் இழுத்து இழுத்து முடித்தேன். புள்ளியியலைக்கூட அழுதுகொண்டே முடித்தேன். இந்த ஒன்றுதான் பாக்கி. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அங்கே போன பிறகே தெரியவரும் ஒரு கேள்விக்கு, ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை. அதைத் தாண்டாமல் எங்கள் பல்கலைக்கழகம் யாருக்கும் பட்டம் தராது. இன்ஜினியருக்கும் அதே சட்டம், நடனம் படிக்கிறவளுக்கும் அதே சட்டம்.

சாயங்காலம் என் புருஷன் சேமா தோட்ட வேலை முடித்து வந்தான். பூட்ஸைக் கழற்றும்போது சொன்னேன்: "மறுபடியும் போச்சு."

"பூச்சியா? எங்க, கிச்சன்லயா?"

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே டார்ச் அடித்துத் தேட ஆரம்பித்துவிட்டான். மகள் இட்செல் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய் அழுதேன்.

பிப்ரவரி 6, வியாழன்

தலைமை ஆசிரியை திருமதி ஹால்வர்சன் கூப்பிட்டார். கதவைச் சாத்தக்கூட இல்லை, நேரே ஆரம்பித்துவிட்டார்.

"ஓதீலியா, ஆகஸ்ட்ல அந்த வகுப்பு உங்களுக்குன்னுதான் வெச்சிருக்கேன். மே மாசம் பட்டம் கைக்கு வந்தாகணும். இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

அடுத்த தேர்வு மார்ச்சில். அதிலும் கோட்டை விட்டால், அதற்குப் பதிலாக ஒரு எழுத்து வகுப்பில் சேர்ந்து அரை வருஷம் படிக்க வேண்டும். அது செப்டம்பரில்தான் தொடங்கும். அதற்குள் அந்த வகுப்பு வேறு யாருக்கோ போயிருக்கும்.

எல்லைக்குத் தெற்கே, என் சொந்த நாட்டுப் பக்கமிருந்து புதிதாக வந்த பிள்ளைகளின் வகுப்பு அது. ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. நான் அங்கே உதவியாளர். பென்சில் சீவுவேன், மூக்குத் துடைப்பேன், டீச்சர் சொல்வதை எங்கள் மொழியில் மாற்றிச் சொல்வேன். சில சமயம் டீச்சர் சொல்லாததையும் சேர்த்துச் சொல்வேன். அந்த அம்மாள் ஜூனில் ஓய்வு பெறுகிறார். எனக்கு அந்த வகுப்பு வேண்டும். இதைப் படிக்க யாரும் இல்லை, வெட்கமில்லாமல் எழுதுகிறேன் — எனக்கு வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இட்செலும் அதே பல்கலைக்கழகம்தான், உயிரியல். அவள் இந்தத் தேர்வை முதல் முறையிலேயே எழுதித் தேறிவிட்டாள். "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் வேற" என்று அதில் ஒரு அலட்டல்.

'நான் ஏன் படிக்கிறேன்' என்று பயிற்சிக்கு ஒரு கட்டுரை எழுதி அவளிடம் கொடுத்தேன். படித்துக்கொண்டே வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா! பிள்ளைங்களுக்காக நான் டீச்சரா நடிக்கிறேன்னு எழுதியிருக்க!"

நான் எழுத நினைத்தது, டீச்சராக முயல்கிறேன் என்று. எங்கள் மொழியில் 'பிரெதெந்தேர்' என்றால் ஒன்றை அடையப் பாடுபடுவது. ஆங்கிலத்திலும் அதே முகத்தோடு ஒரு சொல் இருக்கிறது. அதற்குப் பாசாங்கு செய்வது என்று அர்த்தமாம். அடக் கடவுளே. பதினாறு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள் நான். எத்தனை விண்ணப்பத்தில் இதை எழுதித் தொலைத்தேனோ! எத்தனை பேர் மேசையைத் தட்டிச் சிரித்தார்களோ!

"சரி விடும்மா, நான் நாலு கட்டுரை எழுதித் தரேன். நீ மனப்பாடம் பண்ணிக்கோ. எந்தக் கேள்வி வந்தாலும் அங்க இங்க மாத்தி ஒட்டிடலாம்."

"அப்ப நிஜமாவே நடிக்கச் சொல்ற."

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல—"

"போடி. உன் உதவியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

கதவை அறைந்து சாத்தியது நான்தான். நாற்பத்து மூன்று வயதில் கதவை அறைகிறேன்.

பிப்ரவரி 10, திங்கள்

பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது. கரி மணத்தோடேயே எல்லாரும் தட்டைக் காலி செய்தார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கு உதவும் மையம் என்று ஒன்று உண்டு. இத்தனை நாள் அங்கே போகக் கூச்சப்பட்டேன். இன்று போனேன். மாய் யியா என்று ஒரு பெண், மங் என்ற ஆசிய மலை இனத்தவள், முப்பது வயதிருக்கும், முதுகலை படிக்கிறாள். உருளை வறுவலைக் கொறித்துக்கொண்டே என் கட்டுரையைப் படித்தாள். பள்ளியில் சீருடை வேண்டுமா வேண்டாமா என்பது பற்றி எழுதியிருந்தேன்.

"நீங்க சீருடை வேணுங்கிறீங்களா, வேணாங்கிறீங்களா?"

"மூணாவது பக்கத்துல இருக்கு."

"பாத்தேன். முதல் ரெண்டு பக்கம் என்ன பண்ணீங்க?"

என்ன பண்ணினேனா! இரு தரப்பிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று எழுதினேன். காலம் மாறிவருகிறது என்றேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் என் தாழ்மையான கருத்தையும் சொல்ல அனுமதி வேண்டும் என்றேன். எங்கள் மக்கள் ஒரு வீட்டுக்கு ஏதாவது கேட்கப் போனால் எப்படிப் போவார்கள்? உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி, மழை எப்படி என்பார்கள். காபி வரும், இன்னொரு காபியும் வரும். கிளம்ப எழுந்து, வாசல்வரை வந்து, கதவில் கையை வைத்துக்கொண்டு, "அப்புறம்... ஒரு சின்ன விஷயம்." அந்தச் சின்ன விஷயத்துக்குத்தான் வந்ததே. உள்ளே நுழைந்ததும் கேட்கிறவன் போலீஸ்காரன்.

இதை அப்படியே அவளிடம் சொன்னேன். கொஞ்சம் சூடாகத்தான் சொன்னேன்.

மாய் யியா குலுங்கிச் சிரித்தாள். "எங்கம்மாவும் இதே கதைதான். ஃபோன் பண்ணா, அரை மணி நேரம் கோழி, முட்டைன்னு பேசிட்டு, வைக்கும்போதுதான் யார் செத்துட்டாங்கன்னே சொல்லுவா. ஆனா ஓதீலியா, உங்க பேப்பரத் திருத்துறவங்க காபி குடிக்க வரல. ஒரு கட்டு பேப்பரோட உக்காந்திருக்காங்க. முதல் பாராவுல நீங்க எந்தப் பக்கம்னு தெரியலன்னா, உங்களுக்கே தெரியலன்னு நினைச்சுப்பாங்க."

"எடுத்த எடுப்பிலேயே சொன்னா மரியாதையா இருக்குமா?"

"அவங்க நேரத்த எடுத்துக்காம இருக்கீங்கல்ல, அவங்களுக்கு அதுதான் மரியாதை."

எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. இரண்டு முறையும் நான் தோற்றது ஆங்கிலம் தெரியாததால் இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

புரிந்து என்ன பயன்? பேனாவை வைத்தால் கை தானாக எழுதுகிறது: 'நெடுங்காலமாகவே மனிதர்கள்...' மாய் யியா அடித்துவிட்டுக் கேட்கிறாள்: "யாரு இந்த மனிதர்கள்? உங்க சொந்தக்காரங்களா?"

பிப்ரவரி 23, ஞாயிறு

பாதாம் பூத்துவிட்டது. ஊரே வெள்ளை. தும்மல் தாங்கவில்லை.

காலையில் சேமா வண்டியைப் பின்னால் எடுத்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை சைக்கிளோடு பின்னால் வந்துவிட்டது. அதன் அம்மா கத்தினாள், நான் கத்தினேன். வண்டி நிற்கவில்லை. இட்செல் ஓடிப்போய் முன்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டிய பிறகுதான் நிறுத்தினான். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. "கண்ணாடி அழுக்கா இருக்கு" என்று சொல்லி ஒரு மணி நேரம் கண்ணாடியைத் துடைத்தான்.

கண்ணாடி அழுக்கா இல்ல சேமா. உனக்குக் காது கேக்கல. எனக்குத் தெரியும், இட்செலுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே உதிர்ந்த இலைகளைக் காற்றால் விரட்டும், காதைக் கிழிக்கிற அந்த இலை ஊதும் மெஷினை முதுகில் கட்டிக்கொண்டு அலைகிறான். காதில் ஏதாவது மாட்டிக்கொள் என்று ஒருமுறை சொன்னதற்கு, "எஞ்சின் சத்தம் கேட்டாத்தானே அதுக்கு என்ன நோய்னு தெரியும்" என்றான். அதோடு சரி. பூச்சி ஜோக்கெல்லாம் சொல்லிச் சிரித்துச் சமாளிக்கிறோம்.

இன்று பேசிவிடுவது என்று உட்கார்ந்தேன். எலுமிச்சை மரத்தில் ஆரம்பித்தேன். அவன் தங்கையின் முட்டிவலிக்கு வந்தேன். சர்ச் கூரைக்கு வசூல் செய்வதைப் பற்றிப் பேசினேன். விஷயத்துக்கு வருவதற்குள் அவன் தூங்கிவிட்டான்.

மார்ச் 7, வெள்ளி

நாளை தேர்வு. இட்செல் பின்னால் வந்து என் தலையில் முத்தம் கொடுத்து, "நடிக்காத, எழுது" என்றாள். கழுதை. சமாதானம் ஆகிவிட்டோம்.

மார்ச் 8, சனி

என்னைப் பார்த்ததும் ஒரு பையன், "மேடம், எங்க உக்காரணும்?" என்று கேட்டான். நான்தான் கண்காணிக்க வந்தவள் என்று நினைத்திருக்கிறான். "எனக்கே தெரியாதுப்பா" என்றேன்.

தாளைத் திருப்பினேன். குடியிருப்புப் பகுதிகளில் பெட்ரோலில் ஓடும் இலை ஊதும் மெஷின்களை நகராட்சி தடை செய்ய வேண்டுமா? உங்கள் நிலைப்பாட்டை எழுதுக.

சிரிப்பு வந்தது. கேள்விக்கு மேலே ஒரு வீட்டுக்காரர் செய்தித்தாளுக்கு எழுதியதாக ஒரு பத்தி இருந்தது. அதைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது. சனிக்கிழமை காலையில் அவர் நிம்மதியாகப் பேப்பர் படிக்க முடியவில்லையாம். சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்கிறதாம். நாய் பயப்படுகிறதாம். நாயைப் பற்றி மூன்று வரி! அந்த மெஷினை முதுகில் வைத்திருக்கிற மனுஷனைப் பற்றி ஒரு சொல் உண்டா? இல்லை. மெஷின் தானாக நடந்து வந்து இலையை ஊதிவிட்டுப் போகிறது போல.

அடப்பாவி, உனக்காவது கேக்குது!

நெடுங்காலமாவது, மனிதர்களாவது. முதல் வரியை எழுதினேன்: 'இந்த மெஷின்களைத் தடை செய்ய வேண்டும், ஏனென்றால் என் கணவருக்குக் காது கேட்கவில்லை.'

எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வாக்கியத்தை நான் எந்த மொழியிலும் இதுவரை சொன்னதில்லை. எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. முதல் தடவையாக அதை தாளைத் திருத்தப் போகும், யாரென்று தெரியாத இரண்டு பேருக்கு, ஆங்கிலத்தில், எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் நிற்கவே இல்லை. மின்சாரத்தில் ஓடும் மெஷின் வாங்க நகராட்சி உதவ வேண்டும், சும்மா தடை செய்தால் தோட்டக்காரர் வீட்டில் அடுப்பு எரியாது, அவகாசம் கொடுங்கள் என்று எழுதினேன். நேரம் முடிந்தது என்றபோது கடைசி வரியில் இருந்தேன்.

வீட்டுக்கு வந்தால், சேமா வாசலிலேயே நின்றான். "என்ன கேட்டாங்க?"

"இலை ஊதுற மெஷின்."

அவன் சிரித்த சிரிப்பு! "அடிப்பாவி, அதுல நீ டாக்டர் பட்டமே வாங்கலாமே! என்ன எழுதின?"

"நல்லாதான் எழுதினேன்."

அப்போதுதான் கவனித்தேன். நான் பேசும்போது என் வாயையே பார்க்கிறான். ரொம்ப நாளாகவே அப்படித்தான் பார்க்கிறான். நான் அதை ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 19, புதன்

முடிவு வரவில்லை. இரவில் புரண்டு படுக்கிறேன். தோற்றால் வகுப்பு போய்விடும். ஜெயித்தால்? புருஷன் பிழைப்பைத் தடை செய்யச் சொல்லி எழுதி, அதை வைத்துப் பட்டம் வாங்கியவள் ஆவேன். அவனிடம் சொல்லாமலே. பிறத்தியாருக்கு முதல் வரியில் சொல்ல முடிந்தது, கட்டினவனுக்கு முடியவில்லையா? நீ என்ன மனுஷி ஓதீலியா?

ஏப்ரல் 3, வியாழன்

தேர்ச்சி!

திரும்பத் திரும்பப் பார்த்தேன். இட்செலையும் பார்க்கச் சொன்னேன். தேர்ச்சிதான். வகுப்பில் பிள்ளைகளிடம் சொன்னேன். ஒன்றும் புரியாமலே எல்லாம் கை தட்டின. பல் விழுந்த பையன் மேசை மேல் ஏறிவிட்டான். திருமதி ஹால்வர்சன், "அப்ப ஆகஸ்ட்ல பாக்கலாம், டீச்சர்" என்றார். டீச்சர் என்றார்! மாய் யியாவுக்கு ஃபோன் செய்தேன். மழையைப் பற்றிக் கேட்காமல் முதலில் விஷயத்தைச் சொன்னேன். கத்தினாள்.

சேமா சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஃபோன் போடச் சொன்னான். "என் மெஷின்தான் பாஸ் பண்ண வெச்சுது" என்று இட்செல் மூலமாக எல்லாருக்கும் செய்தி போயிற்று. நான் கேக் வெட்டினேன். என் துண்டை இட்செல் தட்டில் தள்ளிவிட்டேன்.

மே 18, ஞாயிறு

நேற்று பட்டமளிப்பு. வெயில் கொளுத்தியது. கறுப்பு அங்கிக்குள் நான் வெந்தேன். என் பெயரைக் கூப்பிட்டபோது சேமா எழவில்லை. இட்செல் தோளைத் தட்டியதும்தான் எழுந்தான். அப்புறம் மற்றவர்கள் உட்கார்ந்த பின்னும் அவன் நின்று கை தட்டிக்கொண்டே இருந்தான். மேடையிலிருந்து அதைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று காலை அவன் கொல்லையில் கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். போய் எதிரில் உட்கார்ந்தேன். எலுமிச்சை மரம் நன்றாகக் காய்த்திருந்தது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"சேமா, உனக்குக் காது கேக்கல. பரீட்சையில அதைத்தான் எழுதினேன். முதல் வரியே அதுதான். அந்த மெஷினத் தடை பண்ணணும்னு எழுதினேன்."

"என்ன?" என்றான்.

எனக்கு அழுகை முட்டியது. மறுபடியும் சொன்னேன், சத்தமாக. பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

எண்ணெய்த் துணியை மடித்து வைத்தான். "முதல் தடவையே புரிஞ்சுது. உன் வாயைத்தானே பாத்துட்டிருந்தேன். வீட்டுல யாராவது ஒருத்தர் எப்பத்தான் சொல்லுவீங்கன்னு காத்துட்டிருந்தேன். இன்னொரு தடவ கேக்கணும் போல இருந்துச்சு."

அவன் கைவிரலெல்லாம் எண்ணெய். அதோடேயே என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அப்புறம் அவனே சொன்னான்: "டாக்டருக்கு நீதான் ஃபோன் பண்ணணும். ஃபோன்ல எனக்கு ஒண்ணுமே கேக்கறதில்ல."

நாளைக்குப் பண்ணுகிறேன் என்று, அவன் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிச் சொன்னேன்.