வாய்க்கால் கரை வழி

டாக்டரம்மாவுக்கு,

காலையில் மீன்காரர் தெர்மாகோல் பெட்டியைத் திறந்தார். ஐஸ் குளிர் முகத்தில் பட்டதும் நம் தடுப்பூசிப் பெட்டி நினைவுக்கு வந்தது. நீங்கள் மறைந்து மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். வரிசை போடாமல் எனக்கு எழுத வராது.

1. உங்கள் காலை டீ.
2. என் சட்டைப்பை நோட்டு.
3. நான் வாய் திறக்காததற்குப் பயமே காரணம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஜீப் கிளம்புமுன் எல்லோரும் நின்றபடி டீ குடிப்போம். ஆளுக்கொரு தவறைச் சொல்ல வேண்டும் என்பது உங்கள் வழக்கம். முதலில் நீங்களே சொல்வீர்கள். "நேத்து ஒரு கொழந்தைக்கு எடை பாக்காம மருந்து எழுதிட்டேன். நர்ஸம்மாதான் புடிச்சாங்க."

"நீங்களே இப்டின்னா நாங்க இன்னா பண்றதுங்க?" என்று சிரித்துவிட்டு, டிரைவர் தான் பின்னால் எடுக்கும்போது இடித்த சுவரைச் சொல்லிவிடுவார். சுகாதார ஆய்வாளனாகிய நான் மட்டும் "ஒண்ணும் இல்லைங்க" என்பேன். பத்து வருடம் நடந்து, மலைக்குப் போகும் பாதைகளை எல்லாம் ஒரு நோட்டில் வரைந்து வைத்திருந்தேன். யாருக்கும் காட்டியதில்லை; வழி தெரியாத ஊர்களுக்கு நானே முன்னால் போய்க் காட்டுவேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். வடக்கனந்தலுக்கு முன்னால் புளியமரத்தை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். மறித்தவர்களில் என் பங்காளிகளும் இருந்தார்கள். மலையில் ஓர் ஊரில் தாய்மார்கள் குழந்தைகளோடு காத்திருந்தார்கள். பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

"வேற வழி யாருக்காவது தெரியுங்களா?" என்றீர்கள்.

"ஜீப்புக்கு ரெக்க மொளச்சாதாங்க உண்டு" என்றார் டிரைவர்.

மறுபடி, என்னைப் பார்த்துக் கேட்டீர்கள். வாய்க்கால் கரையோரம் அடிவாரத்துக்கு ஒரு வண்டிப்பாதை உண்டு. எங்கே திரும்ப வேண்டும் என்பதுகூட நோட்டில் இருந்தது. வழி காட்டினால் பங்காளிகள் என்னை ஒதுக்கிவிடுவார்கள் என்று தோன்றியது.

"தெரியலைங்க" என்றேன்.

திரும்பி வந்தோம். மருந்து வீணானது. நாம் அடுத்த முறை போவதற்குள் அந்த ஊரில் மணல்வாரி அம்மை வந்துவிட்டது. ஒரு பெண்குழந்தைக்குக் கண் போயிற்று.

அவளைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் டீயில், "வழி விசாரிச்சு வெக்காம கெளம்புனது என் தப்பு" என்றீர்கள். யாரும் சிரிக்கவில்லை. அடுத்து என் முறை. டீ ஆறிவிட்டது என்று சொல்லி கிளாஸைக் கீழே வைத்தேன்.

இப்போது மலைக்கு நல்ல சாலை வந்துவிட்டது. அந்த நோட்டு யாருக்கும் உதவாது. ஆனாலும் வைத்திருக்கிறேன்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மூன்றாவது குறிப்பு தவறு. வழி சொன்னது நான்தான் என்று பங்காளிகளுக்குத் தெரிந்தே இருக்காது. டிரைவர் ஒருமுறை அந்தப் பாதையில் போய்விட்டால், அடுத்த முறை என்னை ஏற்றாமலே ஜீப் கிளம்பிவிடும் என்றுதான் நினைத்தேன்.