கம்பி அறுந்த ஞாயிறு

ஜனவரி 20, 1974. ஞாயிறு இரவு.

கயத்தாறு பழைய ஓடுதளத்தில் இன்று எஞ்சின் இல்லாத கிளைடர் விமானத்துக்கு ஓய்வே இல்லை. ஒருவர் இறங்கியதும் அடுத்தவர் ஏறினார். என் முறையில், இழுத்து மேலேற்றும் கம்பி பனை உயரத்திலேயே அறுந்தது. கிளைடரின் மூக்கைத் தாழ்த்தி நேராக இறக்கினேன். கீறல்கூட இல்லை.

முதன்முதலாகப் பார்க்க வந்த மனைவி பிலோமி ஓடி வந்தாள். இனிப் பறக்காதீர்கள் என்பாள் என்று நினைத்தேன்.

"வேற கம்பி இருக்கா?"

"இருக்கு."

"அப்போ மறுபடி ஏறுங்க. இன்னைக்கே ஏறலன்னா பயந்துருவிய."

ஏறினேன். வல்லநாட்டு மலைவரை தெரிந்தது. கீழே நின்ற பிலோமிக்குக் கையசைத்துப் பார்த்தேன்.

நான் இறங்கும்வரை அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாளாம். பிறகு அவளருகே நின்ற நண்பர் ஒருவர் சொன்னார்.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அடுத்த ஞாயிறும் வருவாளா என்று கேட்க மனம் வரவில்லை.