கரை நீக்கித் தரப்படும்

அன்பு மகளுக்கு,

நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று ஒரே சொல்லில் முடிக்க முடியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிக்குத் தானே ஏறி இறங்குகிறாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. இதைக்கூடக் கடையில் இஸ்திரி மேசையருகே நின்றபடிதான் எழுதுகிறேன். உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன்.

உன் அண்ணன் நம் சலவைக்கடைக்கு இன்னும் இரண்டு கிளை திறக்கப்போகிறான், அதற்காக விளம்பரக் கம்பெனியிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தான். என் கையால் எழுதிய பலகையை அவள் கழற்றச் சொல்வாள் என்று நினைத்தேன், கழற்றினால் நல்லது என்றும் நினைத்தேன். கறை நீக்கித் தரப்படும் என்பதில் பெரிய ற இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ர. தெருவே நம்மைக் கரைக்கடை என்கிறது. எதிர்வீட்டு வாத்தியார் துணி வாங்க வரும்போதெல்லாம், "ஆத்தோட கரையா, கடலோட கரையா, எதைய்யா நீக்குறீங்க?" என்று கேட்காமல் போனதில்லை. விளம்பரப் பெண்ணோ எதிர்ப்பக்கம் போய் நின்று வெகுநேரம் பார்த்தாள். ஓவியர்களிடம் வியாபாரிகள் படிக்க வேண்டிய பாடம் இதுதான் என்றாள். ஓவியத்தின் மூலையில் கையெழுத்தைத் தேடாமலே இது இன்னார் படம் என்று தெரிகிறதே, அந்த மாதிரி ஒரு கோணலாம் இந்தப் பிழை. ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டாள். எல்லோரிடமும் சொல்வதையே சொன்னேன். "தெரிஞ்சேதான் எழுதினேன். போறவங்க நிக்கணும்ல." உடனே நோட்டில் குறித்துக்கொண்டாள். இனித் துணி போட்டுக் கொடுக்கும் பைகளிலெல்லாம் என் முகமாம், வேண்டுமென்றே பிழையாக எழுதியவர் என்று கீழே கதையாம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குச் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

உன் ஓவியக் கண்காட்சிக்கு வந்த நாள் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. பெயர்ச்சீட்டைப் படிக்காமல் வாசலிலிருந்தே உன் படங்களைக் கண்டுபிடித்தேன், வானம் எல்லாவற்றிலும் ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒருவர் காரணம் கேட்டார். பெரிதாக ஏதோ சொல்லப்போகிறாய் என்று காத்திருந்தேன். "என் கண்ணுக்கு அப்படித்தான் சரியுது. நேராப் போட்டா பொய்யா இருக்கு" என்றாய். அவ்வளவுதான். உன் கோணலில் கதை எதுவும் ஒட்டியிருக்கவில்லை. என் எழுத்தும் என்னுடையதுதான். ஒட்டிய கதைதான் என்னுடையதில்லை.

பலகை எழுதியபோது எது எந்த ர என்று எனக்குத் தெரியாது. முதலில் கண்டுபிடித்தவள் நீ. இரண்டாம் வகுப்பு, சீருடையோடு நின்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்பா, இது தப்பு" என்றாய். தெரிந்தேதான் எழுதினேன் என்று முதன்முதலாக உன்னிடம்தான் சொன்னேன். நீ வகுப்பில் போய்ப் பெருமையடித்தாயாம். அதற்குப் பிறகு எப்படித் திருத்துவது.

இன்று காலை அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன் முகம் சுண்டிப்போனது. "தெரியலைன்னு போட்டா யாருப்பா நம்மகிட்ட துணி போடுவாங்க?" என்றான். கையெழுத்துப் போடாமல் பைக்கு வேறு இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன்: கறை என்று எழுதத் தெரியாமல் எழுதினேன். எடுக்கத் தெரியும். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பெண்ணோடு போனில் பேசுகிறான். இன்னும் வெளியே வரவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், கை வைத்ததெல்லாம் துலங்க வேண்டும். சாயக் கையோடு சாப்பிடாதே. அண்ணன் உன்னிடம் கேட்டால் பழைய பெருமையைச் சொல்லிவிடாதே. அப்பாவுக்கு நிஜமாகவே தெரியாது என்று சொல்.

உன் அப்பா