சோளக் கார்டு ஆறுகிற நேரம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் வளைந்துவிட்டது. சோதனை அறைச் சூட்டுப் பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேற்பட்ட ஏடிஎம் கார்டுகள் இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டு படகு மாதிரி கிடக்கின்றன. மக்காச்சோள மாவிலிருந்து எடுத்த பிளாஸ்டிக். பளபளப்பெல்லாம் பழையது போலத்தான். ஆனால் வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மதியம் தாங்குமா?

அடுத்த வருஷத்திலிருந்து செடியிலிருந்து வரும் பொருளில்தான் கார்டு வேண்டும் என்று வங்கி சொல்லிவிட்டது. எங்களால் முடியாவிட்டால் வேறு கம்பெனி.

'நிராகரிப்பு' என்று முத்திரை குத்தினேன். தாள்களைச் சூடாக்கி அழுத்தி ஒட்டும் ப்ரெஸ்ஸை ஓட்டியவர், வழக்கம்போல, என் வீட்டுக்காரர்.

மார்ச் 5, புதன்

வீட்டில் பேச்சில்லை. சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார். அதற்குப் பெயர் கோபம்.

மார்ச் 7, வெள்ளி

பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம்.

"நாள் பூரா ப்ரெஸ் முன்னாடி வெந்து சாகுறேன். நீ ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு டக்குனு ஃபெயில்னு குத்திடுற."

"நான் குத்தலைன்னா நாளைக்கு பேங்க்காரங்க குத்துவாங்க. அப்ப லைனையே மூடுவாங்க, உங்களையும் சேர்த்து."

"சரக்கு மட்டம். அதைச் சொல்லேன்."

"சரக்கு நல்லாத்தான் இருக்கு. ப்ரெஸ்லதான் ஏதோ நடக்குது."

சொல்லியிருக்கக் கூடாது. மகள் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "வீட்டுக்கு வந்தும் ஃபேக்டரிதானா? எனக்கு நாளைக்குப் பரீட்சை," என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் சொல்வதும் நியாயம்தான்.

மார்ச் 11, செவ்வாய்

இன்றும் அதே. தலைவலி.

மார்ச் 12, புதன்

மேனேஜர் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். உட்காரச் சொன்னபோதே விஷயம் புரிந்துவிட்டது.

"இந்த ஒரு லாட்டை மட்டும் பாஸ் போட்டுடும்மா. யாரு கார்டைக் கொண்டுபோய் அடுப்புல வைக்கப் போறாங்க?"

"வெயில்ல வைப்பாங்களே சார்."

"உன் வீட்டுக்காரர் வேலையும் இதுலதான் இருக்கு. யோசிச்சுக்கோ."

யோசிக்காம என்ன பண்றேன்? வேற எதை யோசிக்கிறேன் இப்பல்லாம்? ஒரே ஒரு குத்து. எல்லாருக்கும் நிம்மதி. ஆனா கை வரலை. பெரிய நேர்மைன்னு இல்லை, பயம்தான் — யாரோ ஒருத்தர் பெட்ரோல் பங்க்ல கோணிப்போன கார்டை நீட்டிக்கிட்டு முழிக்கிறது கண்ணுக்குள்ளேயே நிக்குது.

பாஸ் போடவில்லை. வீட்டில் சொல்லவும் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

மேனேஜர் அவரிடமே போய், பெண்டாட்டியிடம் எடுத்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார். இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நானும் நின்றேன்.

"அவன் யாரு உன்கிட்ட அப்படிக் கேக்குறதுக்கு?" என்றார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நான் அழுத்தினது கெட்டுப்போச்சுன்னா கெட்டதுதான். பொய்யா ஒரு பாஸ் வாங்கி நான் என்ன பண்ண?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது வசதியாகப் போயிற்று.

மார்ச் 17, திங்கள்

சோதனை அறையைப் பூட்டிவிட்டு இன்று முழுக்க அவர் ப்ரெஸ் பக்கத்தில் நின்றேன். அனல். காதடைக்கும் சத்தம். பழைய பிளாஸ்டிக்குக்கு வைத்த வேகத்திலேயே இதையும் ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். வெளியே வரும்போது தாள் இன்னும் மெத்தென்று இருக்கிறது. அடுத்த அடுக்கு காத்திருக்கிறதே என்று இவர் அப்படியே இழுத்துப் போடுகிறார்.

"இது உள்ளயே ஆறணுங்க!" என்று அவர் காதில் கத்தினேன்.

"ஆற விட்டா பாதிதான் ஓடும். மேனேஜர் குதிப்பார்."

"குதிக்கட்டும். சூட்டையும் கொஞ்சம் குறைச்சுப் பாப்போமா?"

அவர் சூட்டைக் குறைத்தார், நான் நேரம் பார்த்தேன். அழுத்தத்தை விடாமல் உள்ளேயே ஆறவிட்டு எடுத்தோம். மேனேஜர் தூரத்தில் நின்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, குதிக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

நேராக இருக்கிறது. எல்லாமே. நம்பாமல் மறுபடியும் பெட்டியில் வைத்து எடுத்தேன். அப்போதும் நேர்தான். 'பாஸ்' குத்தும்போது சந்தோஷம்கூட வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

ஏப்ரல் 9, புதன்

வங்கி ஒத்துக்கொண்டது. 'தூக்கிப் போட்டால் மண்ணாகிவிடும்' என்று விளம்பரம் எழுதலாமா என்று அவர்கள் அனுப்பிய பெண் கேட்டாள்.

"பூந்தொட்டியில போட்டா ஆகாதும்மா. அதுக்குன்னு சூடு வச்ச உரக்கிடங்கு வேணும். சிப்பையும் பிரிச்சு எடுக்கணும்."

"அப்ப நான் என்னதான் எழுதறது?"

"செடியிலேர்ந்து வந்ததுன்னு எழுதுங்க. அது உண்மை."

முகம் வாடிப் போனாள். அவளுக்கும் மேலே ஒரு மேனேஜர் இருப்பார்.

மெதுவாக ஓடும் ப்ரெஸ் இனி இரண்டு ஷிஃப்ட் ஓட வேண்டும். அவருக்குச் சாயங்காலம்.

ஜூன் 2, திங்கள்

நான் வெளியே வரும் நேரம் அவர் உள்ளே போகிறார். சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்று பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

"இன்னைக்கு ஃபெயில் உண்டா?"

"ரெண்டு. சனிக்கிழமை நீங்க ஓட்டினது."

"எந்தப் பக்கம் தூக்குது?"

"இடது ஓரம்."

"ம். ப்ரெஸ் தகட்டைத் துடைச்சுப் பாக்கறேன்." என் முகத்தைப் பார்த்தார். "கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு. போய்ப் படு."

"நீங்க மட்டும் என்ன மாப்பிள்ளை மாதிரியா இருக்கீங்க?"

சிரித்தார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சைரன் அடித்துவிட்டது.