நட்சத்திரம் போட்ட கோப்புகள்

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் ஆம்பூர் டிசைன் பிரிவின் பழைய கணினியை மூடுகிறார்கள். அதிலுள்ள செருப்பு மாடல்களை ராணிப்பேட்டையின் புது சர்வருக்கு மாற்றும் வேலை எனக்கு. பாதியிலேயே நின்றுவிட்டது. பழையது லினக்ஸ். கோப்பின் பெயரில் கேள்விக்குறி, நட்சத்திரம், முக்காற்புள்ளி என்ன இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். புதியது விண்டோஸ். இவை எதையும் ஏற்காது.

பெயர் வைத்ததெல்லாம் புஷ்ரா. “பட்டை இன்னும் கம்மியா?” “ஹீல்: சார் திட்டுவார்”. படித்துப் படித்துச் சிரித்தேன். ஏழு வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்தவள். கல்யாணமாகிப் பேரணாம்பட்டு போனாள். போன் பேச்சும் மெல்ல நின்றுபோனது.

ஜூன் 4

மேலாளர் ஜான்சன் சார், “அந்தக் குறிங்க எல்லாத்தையும் அண்டர்ஸ்கோரா மாத்திடும்மா. ஒரு ஸ்கிரிப்ட் போட்டா முடிஞ்சிடும்” என்றார். எல்லாப் பெயரையும் தானாகவே மாற்றும் அந்தச் சின்ன நிரலை எழுதிவிட்டேன்.

ஜூன் 5

நல்லவேளை, நகலில்தான் ஓட்டிப் பார்த்தேன். கோப்புகள் குறைந்திருந்தன. “கொலுசு மாடல்?”, “கொலுசு மாடல்*” — இரண்டுக்கும் ஒரே பெயர் வந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, முதலாவது அழிந்துவிட்டது. அசல்ல ஓட்டியிருந்தா? அய்யோ, அவ வரைஞ்சதெல்லாம் போயிருக்குமே!

இனி, அதே பெயர் ஏற்கெனவே இருந்தால் ஸ்கிரிப்ட் ஓர் எண் சேர்க்கும். சரி. கேள்விக்குறி என்றால் அவளுக்குச் சந்தேகம், அது தெரியும். நட்சத்திரம் எதற்கு? தெரியாமல் அதை வெறும் கோடாக்க மனம் வரவில்லை.

ஜூன் 6

கூச்சத்தோடுதான் போன் செய்தேன்.

“மேகலாவா? இன்னாடி, இப்பதான் ஞாபகம் வந்துச்சா?”

அதே குரல். நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்டேன்.

“அது நீ பாத்து, நல்லாருக்குன்னு சொன்னதுடி. சார் வேணாம்னாலும் அதை நான் அழிக்கமாட்டேன்.”

“இப்பவும் வரையறியா?” என்றேன்.

“யாருக்குக் காட்டறது?”

ஜூன் 9

கேள்விக்குறி இருந்த இடத்தில் ‘சந்தேகம்’. நட்சத்திரம் இருந்த இடத்தில் ‘மேகலா’. எல்லாம் போய்ச் சேர்ந்தன. ஒன்றும் குறையவில்லை.

ஜூன் 20

புது சர்வரில் அந்த மாடல்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த ஜான்சன் சார் கூப்பிட்டார். “நல்லாருக்கே! புஷ்ரா வீட்லேர்ந்தே வரைஞ்சு தருமா? கேட்டுப் பாரேன்.”

கேட்டேன். அழுதாள். சரி என்றாள்.

ஜூலை 7

புஷ்ராவின் முதல் மாடல் வந்தது. பட்டையில் வளைவு ஜாஸ்தி என்றேன். இல்லவே இல்லை என்கிறாள். மத்தியானம் முழுக்க போனில் சண்டை. சாப்பாடு ஆறிப்போனது.