பதினான்கு கணக்கிலும் என் கையெழுத்து

என் கல்பனாவுக்கு,

சிரிப்பாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீ இருந்தவரை மகளின் கணக்குப் பாடம் உன் இலாகா, கேஸ் சிலிண்டர் என் இலாகா. இப்போது இரண்டும் என் தலையில். மீனு டியூஷன் போகிறேன் என்றாள். நானே சொல்லித் தருகிறேன் என்று தடுத்தேன். உன் இடத்துக்கு வேறு ஆள் வருவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பாடம் இரட்டை அசமன்பாடு. எக்ஸ் இரண்டைவிடப் பெரியது, எட்டைவிடச் சிறியது. இதென்ன பெரிய வித்தை? ஜீடிமெட்லா மருந்துத் தொழிற்சாலையில் இருபது வருடமாக நான் காவல் காக்கும் குளிர் அறையும் இரண்டு டிகிரிக்கும் எட்டுக்கும் நடுவில்தானே இருக்கிறது? ஜம்பமாக விளக்கினேன்.

மறுநாள் அவள் குளிக்கப் போனபோது வீட்டுப்பாட நோட்டைப் புரட்டினேன். எண்கோடுகளில் எல்லாம் வெற்று வட்டங்கள். எங்கள் தொழிற்சாலையில் எந்தத் தாளிலும் காலி இடம் விடக் கூடாது, விட்டால் ஆடிட்டில் மானம் போகும். பாவம், அவசரத்தில் விட்டுவிட்டாள் என்று எல்லாவற்றையும் பேனாவால் நிரப்பி, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டு வைத்தேன். வெற்று வட்டம் என்றால் அந்த எண் சேர்த்தியில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?

பதினான்கு கணக்கும் தப்பு. என் கையெழுத்தைச் சுற்றி டீச்சரின் சிவப்புக் கேள்விக்குறி வேறு. நோட்டை என் முன்னால் போட்டுவிட்டு, "நக்கோ டாடி. நான் டியூஷனே போறேன்" என்றாள். வேண்டாம் என்ற அந்த ஒரே நக்கோவில் என்னை வேலையிலிருந்து தூக்கிவிட்டாள்.

விடுவேனா? கம்பெனி பஸ்ஸில் அவள் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மைனஸால் வகுத்தால் குறி ஏன் திரும்புகிறது என்பது பாலாநகர் தாண்டும்வரை புரியவில்லை. ஒரு வாரத்தில் பதினான்கையும் திருத்திப் போட்டு அவளிடம் நீட்டினேன்.

பார்த்தாள். எல்லாம் சரி என்றாள். அப்புறம் தலை குனிந்தபடியே சொன்னாள்:

"வீட்டுல யார் கணக்கு சொல்லித் தந்தாலும் அம்மா ஞாபகம் வருது டாடி. அதுக்குதான் டியூஷன் கேட்டேன். உங்க மேல கோவம் லேது."

பார்த்தாயா, உன் இடத்தைக் காக்கிறேன் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். அவளும் அதே இடத்தைத்தான் காப்பாற்றி வந்திருக்கிறாள், என்னிடமிருந்து. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளுக்கும்தான்.

திங்கட்கிழமையிலிருந்து டியூஷன் போகிறாள். நானே கொண்டுபோய் விடுகிறேன். இனி நீ கணக்குச் சொல்லித் தந்த உன் நாற்காலியில் உட்கார மாட்டேன், கல்பனா. திரும்பி வந்ததும் அவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள். நான் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

உன் கணவன்,
மீனுவிடம் தினமும் திட்டு வாங்கும்
சேகர்