சின்ன இரண்டும் பெரிய இரண்டும்

ஜூன் 4

மகா மேதை வாத்தியாரய்யாவுக்கு,

உங்கள் வாயாடிப் பெண்டாட்டி எழுதுவது. நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள்; திட்ட ஆளில்லாமல் வாய்தான் துருப்பிடித்திருக்கும்.

அக்கா வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிவிட்டது. செம்பு முலாம் போடும் பட்டறையில் கழிவுத் தொட்டி வேலை கிடைத்திருக்கிறது. செம்பு கலந்த நீலத் தண்ணீரில் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றினால் நீலமெல்லாம் சேறாக அடியில் படியும். மேலே தெளிந்ததை வெளியே விட வேண்டும். கை தன்னால் செய்கிறது. ஆனால் இருபதாம் தேதி அதையே தாளில் சமன்பாடாக எழுதிக் காட்டணுமாம். தேறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். நான் படித்ததோ அஞ்சாவது! அங்கே தொட்டியை, வீட்டில் முற்றத்தை என்று சுற்றிச் சுற்றி வருகிறேன். அக்கா என்னைச் செக்குமாடு என்கிறாள்.

இதைப் பாருங்கள்:

CuSO₄ + Na₂O₂H₂ → Cu(OH)₂ + Na₂SO₄

காஸ்டிக் சோடாவுக்கு NaOH என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். எண்ணிக்கை இடித்தது, சின்ன இரண்டுகளைப் போட்டுச் சரிக்கட்டிவிட்டேன். இப்போது இரண்டு பக்கமும் சரி. ஆனாலும் மேஸ்திரி சிரிக்கிறார். ஏன்?

வாயாடி

ஜூன் 9

வாயாடிக்கு,

நீ எழுதிய சரக்கு உலகத்திலேயே கிடையாது. அடியில் இருக்கும் சின்ன எண்ணைத் தொடாதே, தொட்டால் பொருளே வேறாகிவிடும். எத்தனை வேண்டுமோ அதை முன்னால் பெரிதாக எழுது. உன் தாளிலேயே திருத்தியிருக்கிறேன்:

CuSO₄ + NaOH → Cu(OH)₂ + Na₂SO₄

கடிதத்தில் ஒன்பது பிழை. சுழித்திருக்கிறேன்.

நேற்றும் மறந்துபோய் இரண்டு தட்டு வைத்துவிட்டேன். எப்போது வருவாய்? எதற்குப் போனாய் என்றாவது சொல்.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 21

வாத்தியாரய்யாவுக்கு,

எதற்குப் போனேனா? அக்காவுக்கு நான் எழுதிய கடிதத்தைச் சிவப்பில் சுழித்து, உங்கள் கூட வேலை பார்ப்பவர்களைக் கூட்டிவைத்து வாசித்தீர்களே, அதற்குத்தான். அவர்கள் சிரித்ததை அடுப்படியில் நின்று கேட்டேன்.

உங்கள் திருத்தத்தை வேதவாக்காக மனப்பாடம் செய்தேன். பரீட்சைக்கு முதல்நாள் கை சும்மா இருக்கவில்லை. நீலமும் காஸ்டிக்கும் ஒரே வலுவில் கரைத்த புட்டிகள் பட்டறையில் உண்டு. அதில் ஒரு டம்ளர், இதில் ஒரு டம்ளர் கலந்து பார்த்தேன். கொஞ்சம் படிந்தது, ஆனால் தண்ணீர் நீலமாகவே நின்றது. இன்னொரு டம்ளர் காஸ்டிக் ஊற்றியதும் தெளிந்தது. அப்புறம்தான் எண்ணினேன். என் சின்ன இரண்டுகளை அடித்தீர்களே ஐயா, முன்னால் போட வேண்டிய பெரிய இரண்டு எங்கே? தட்டு மட்டும் இரண்டு வைக்கத் தெரிகிறதாக்கும்!

2NaOH என்று எழுதினேன். தேறிவிட்டேன்.

வேலை இங்கே, அதனால் நான் அங்கே வருவதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு. மனமிருந்தால் நீங்கள் வாருங்கள். சிவப்புப் பேனா வீட்டிலேயே கிடக்கட்டும்.

விட்டுப்போன இடத்தைச் சுழித்து, நீங்கள் திருத்திய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பட்டறையில் யாருக்கும் காட்டவில்லை.

வாயாடி